மதியத்துக்கு மேல் படுத்துவிடும் ஆப்

காலை ஒன்பது மணிக்கு ஆப் நன்றாக ஓடுகிறது. பதினோரு மணி வாக்கில் விசைப்பலகை மேலே எழும்பி வரவே கொஞ்சம் யோசிக்கிறது. சாப்பாட்டு நேரம் கழிந்து ஒரு பெயரைத் தொட்டால், திரை வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. மூன்று மணிக்கு ஆப் தானாக மூடிக்கொள்கிறது. பாதி நிரப்பிய படிவமும் அதோடு போய்விடுகிறது.

தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் மாதிரி ஊர்களில் செல்போன் சர்வீஸ் கடைக்குப் போய் இதைச் சொன்னால் கிடைக்கும் பதில் தெரிந்ததுதான்: "ரேம் பத்தாதுங்க, வேற செட்டு மாத்திடுங்க." அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா, சரியாயிடும்." சரியாகவும் ஆகிறது. ஆனால் மறுநாள் பிற்பகல் அதே கதை. போனில் ஏதோ கோளாறு, அல்லது தனக்குத்தான் கையாளத் தெரியவில்லை என்று அங்கன்வாடிப் பணியாளரும் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரும் எண்ணிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் கோளாறு போனிலும் இல்லை, அவர்களிடமும் இல்லை. ஆப்பை எழுதியவரின் ஒரு வரியில் இருக்கிறது. மென்பொருள்காரர்கள் அதை மெமரி லீக் என்பார்கள், நினைவகக் கசிவு.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். அண்டாவும் குண்டானும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகின்றன. விசேஷம் முடிந்ததும் கடைப் பையன் போய் எடுத்து வந்துவிடுவான். ஆனால் நோட்டில் "இன்னும் வேண்டும்" என்று ஒரு பெயருக்கு நேரே எழுதியிருந்தால் அவன் அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டான். விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் அந்தக் குறிப்பை யாரும் அடிக்கவில்லை என்றால் அண்டா அங்கேயே கிடக்கும். யாரும் திருடவில்லை, எதுவும் உடையவில்லை. ஆனாலும் முகூர்த்த மாதம் முடிவதற்குள் கடை காலி. ஆண்ட்ராய்டில் இந்தக் கடைப் பையன் வேலையைச் செய்வதற்கு கார்பேஜ் கலெக்டர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. யாரும் உரிமை கொண்டாடாத நினைவகத்தை அது தானாக மீட்டுக்கொள்ளும். மூடிவிட்ட பக்கத்தை நிரலின் ஏதோ ஒரு மூலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் அதைத் தொடாது. ஐபோனில் ஏற்பாடு வேறு. அங்கே இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே விடாமல் நிற்பது வழக்கமான வியாதி.

அளவைப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் போனில் 3 அல்லது 4 எம்பி கோப்பாகத்தான் கிடக்கும். அதைத் திரையில் காட்டுவதற்காகத் திறக்கும்போது சுருக்கம் விரிந்துவிடுகிறது. 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம், புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் 48 எம்பி. ஒரே ஒரு படத்துக்கு! படம் எடுத்த பக்கத்தை மூடிய பிறகும் அது விடுபடாமல் நின்று, இப்படி ஐந்து படம் சேர்ந்தால் 240 எம்பி, பத்து சேர்ந்தால் ஏறக்குறைய அரை ஜிபி. 2 ஜிபி போனில் பாதிக்கு மேல் ஆண்ட்ராய்டும் அதன் துணைச் சேவைகளுமே எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் இருக்கும் இடத்தில் அரை ஜிபி போனால், ஆண்ட்ராய்டு முதலில் பின்னணியில் கிடக்கும் வாட்ஸ்அப் போன்றவற்றை மூடும். அதுவும் போதவில்லை என்றால் கையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையே மூடிவிடும். உண்மையில் திரையில் காட்ட முழுப் படம் தேவையே இல்லை. அகலத்தையும் உயரத்தையும் கால்பங்காகக் குறைத்துத் திறந்தால் 48 எம்பி 3 எம்பி ஆகிவிடும். வித்தியாசம் தெரியாது. இது ஒன்றும் ரகசிய வித்தை அல்ல, கூகுளின் ஆண்ட்ராய்டுப் பாடக் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறது.

கசிவைப் பிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்கொயர் நிறுவனம் 2015-இல் வெளிப்படையாக எழுதிய ஒரு வரலாறு உண்டு. கடைகளில் கார்டு வழியாகப் பணம் வாங்கும் ஆப் அவர்களுடையது. வாடிக்கையாளர் விரலால் திரையில் கையெழுத்துப் போடுவார். அதை வரைய, திரை அளவுக்கு ஒரு படம் உருவாக்க வேண்டும். அந்த இடத்தில் ஆப் விழுந்துகொண்டே இருந்தது. நியாயமாக எல்லோரும் படத்தைச் சந்தேகித்தார்கள். கையெழுத்துக்கு வண்ணம் எதற்கு என்று வண்ணத்தை எடுத்துப் பார்த்தார்கள். நினைவகம் தீர்ந்தால் கொஞ்சம் துப்புரவு செய்துவிட்டு மறுபடி முயலும்படி எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

கடைசியில்தான் புரிந்தது: படம் குற்றவாளி அல்ல. நினைவகம் ஏற்கெனவே ததும்பி நின்றது. அந்த நேரத்தில் பெரியதாக எதைக் கேட்டாலும் ஆப் விழும். கையெழுத்துப் படம் பெரியது, அதனால் பழி அதன் மேல் விழுந்தது. நிரப்பியவை வேறெங்கோ, மூடப்பட்ட பிறகும் சாகாமல் கிடந்த பக்கங்கள். அந்தக் கசிவுகளைத் தேடித் தேடி அடைத்தபோது, நினைவகம் தீர்ந்து ஆப் விழுவது 94 சதவீதம் குறைந்தது என்று அவர்கள் எழுதினார்கள். அதற்காக அங்கே பியர்-ஈவ் ரிகோ என்பவர் உருவாக்கிய லீக்கேனரி என்ற கருவியை 2015 மே மாதம் இலவசமாகவே வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் பயன்படுத்துவது அதைத்தான். ஆப்பில் சேர்க்க ஒரே ஒரு வரி போதும்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு பக்கம் மூடப்பட்டதும் அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கும். ஐந்து நொடி பொறுக்கும். அதற்கு மேலும் அந்தப் பக்கம் நினைவகத்தில் இருந்தால், நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்து, யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சங்கிலி சங்கிலியாகப் பின்தொடரும். கடைசியில், இந்தப் பக்கத்தை இந்தப் பொருள் பிடித்திருக்கிறது, அதை அது பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். எந்த இடத்தில் பிடியை விட மறந்தார்கள் என்பது அந்த வரிசையில் தெரிந்துவிடும். திருத்தம் பெரும்பாலும் ஒரு வரிதான். இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டே இரு என்று ஜிபிஎஸ்ஸிடம் சொன்ன ஆப், பக்கத்தை மூடும்போது போதும் என்று சொல்லாமல் விட்டிருக்கும். அந்தப் "போதும்" சேர்ந்தால் தீர்ந்தது.

கருவி இல்லாமலும் ஓரளவு பிடிக்கலாம். ஒரே பக்கத்தைத் திறப்பது, மூடுவது, திறப்பது, மூடுவது. இருபது முறை செய்துவிட்டு நினைவக வரைபடத்தைப் பார்த்தால் போதும். நல்ல ஆப்பின் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கிப் பழைய மட்டத்துக்கே வரும். கசியும் ஆப்பின் கோடு படிக்கட்டு மாதிரி ஏறும், இறங்காது. போனைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் மாறிமாறித் திருப்புவது இன்னொரு சோதனை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆண்ட்ராய்டு வழக்கமாகப் பழைய பக்கத்தை அழித்துப் புதிதாகக் கட்டும் என்பதால் கசிவு சட்டென்று வெளிப்படும். அரை மணி நேர வேலை. ஆனால் அதைச் செய்ய ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை.

கசிவு ஏழை போன்களின் தலையெழுத்து மட்டும் அல்ல. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை வண்டிகளை அனுப்பும் வேலையை முழுவதுமாகக் கணினிக்கு மாற்றியது. முதல் இரண்டு நாளிலேயே பெரும் குழப்பம். பாதிக் கைவேலை, பாதிக் கணினி என்று சமாளித்து ஓட்டினார்கள். நவம்பர் 4 அதிகாலை இரண்டு மணிக்கு மேல் கணினி மெதுவாகி, அப்படியே உறைந்து நின்றது. காகிதத்துக்குத் திரும்பினார்கள். விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம் வேடிக்கையானது, பயங்கரமும்கூட. மூன்று வாரத்துக்கு முன் ஏதோ மாற்றம் செய்த நிரலாளர் ஒரு துண்டு நிரலை எடுக்க மறந்துவிட்டார். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் அது சர்வரில் துளி நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. மூன்று வாரத்தில் துளிகள் சேர்ந்து எல்லாம் தீர்ந்தது. ஒரு நாள் மட்டும் சோதித்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது.

2005-இல் அமெரிக்கப் பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத கார்களுக்கு அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய பந்தயத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் காருக்கும் இதே கதிதான். 132 மைல் போக வேண்டிய கார் சுமார் பத்து மைலில் நின்றுவிட்டது. கடந்துவந்த தடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிய நிரல், அவற்றின் இன்னொரு பிடியை விட மறந்திருந்தது. தானாகத் துப்புரவு செய்யும் மொழியில் எழுதிய நிரல் அது. தானாக நடக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்த்தது. கூகுளும் தப்பவில்லை. 2014 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 5.0-இலேயே கசிவு இருந்தது, நாள் போகப் போக ஆப்கள் மூடிக்கொள்கின்றன என்று உலகெங்கும் புகார் எழுந்தது.

ஆகக் கசிவு வருவது குற்றமல்ல. நல்ல கைகளிலும் வரும். யார் தலையில் அதன் செலவு விழுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நம் ஊரில் அந்தச் செலவு எங்கே விழுகிறது என்று பார்ப்போம். ஊட்டச்சத்துத் திட்டத்துக்கான போஷன் டிராக்கர் ஆப் 2021 மார்ச் 1 அன்று நாடு முழுவதும் வந்தது. குழந்தையின் எடை, உயரம், வருகை என்று எல்லாவற்றையும் அங்கன்வாடிப் பணியாளர் அதில்தான் ஏற்ற வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுக்கும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2 ஜிபி ரேம் போன், சூடாகிறது, ஹேங் ஆகிறது, பழுதுபார்க்கும் செலவும் எங்கள் தலையில் என்பது அவர்கள் குறை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைப் படமெடுத்து ஏற்றும் என்எம்எம்எஸ் ஆப் 2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். கம்பைநல்லூர் பேரூராட்சிக்குள் இந்தத் திட்டம் இருக்கவில்லை. ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நின்று இதைச் செய்தவர்கள் நிறைய. பிற்பகல் படம் ஏறவில்லை என்றால் காலையில் மண் சுமந்தவருக்கு அன்றைய கூலி கேள்விக்குறியானது. 2023 தொடக்கத்தில் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணா அறிவித்து உட்கார்ந்ததற்கு இந்த ஆப்பும் ஒரு காரணம்.

இவை எல்லாம் கசிவால் வந்தவை என்று சொன்னால் அது அவசரம். சிக்னல் இல்லாத இடங்கள் இருக்கின்றன, சர்வர் திணறும் நாட்கள் இருக்கின்றன, மலிவு போனின் பேட்டரியும் இருக்கிறது. ஆனால் பிரித்தறிய வழி உண்டு. சர்வர் படுத்தால் மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் படுக்கும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் இல்லை என்றால் இரண்டு பர்லாங் நடந்தால் சரியாகும். காலையில் நன்றாக ஓடி, போகப் போகச் சோர்ந்து, போனை அணைத்துப் போட்டதும் புத்துயிர் பெற்று, மறுபடி சோர்ந்தால் முதல் சந்தேகம் கசிவின் மேல் விழ வேண்டும். அணைத்துப் போடுவதால் சரியாவது ஏன்? ஆப் செத்துப் பிறக்கும்போது பிடித்துவைத்த நினைவகம் மொத்தமும் திரும்பிவிடுகிறது. கூடவே தடயமும் அழிந்துவிடுகிறது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்று சொல்லும் அதிகாரி, தெரியாமலேயே சாட்சியத்தைக் கழுவிவிடுகிறார்.

ஆப்பை எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடம் பெங்களூரோ சென்னையோ. அவர் மேசையில் 8 அல்லது 12 ஜிபி ரேம் போன் இருக்கும். பக்கத்தைத் திறந்து, நான்கு பெயரைப் போட்டு, படம் எடுத்து, ஏற்றி, "ஓகே" என்று பத்து நிமிடத்தில் முடிப்பார். களத்தில் அதே ஆப் எட்டு மணி நேரம் திறந்தே கிடக்கிறது. தர்மபுரி மாவட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். 2023 ஜூலை 24 அன்று மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான். மாநிலம் முழுக்க வந்த 1.63 கோடி விண்ணப்பங்களும் தன்னார்வலர்கள் முகாம்களில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதிலும் வீடு வீடாகப் போகும் பெண்கள் அன்றன்றைய கணக்கை ஏற்ற வேண்டியிருக்கிறது. வேலையே இப்படி நாள் முழுக்க நீள்கிறது என்றால் சோதனையும் நாள் முழுக்க நீள வேண்டாமா?

புதிய போன் வாங்கிக் கொடுத்தால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுப்பது நல்லதுதான், கேட்க வேண்டியதும்தான். ஆண்ட்ராய்டு 13-இன் எளிய பதிப்பான கோவுக்கே 2 ஜிபி வேண்டும் என்று கூகுள் 2022-இல் அடிமட்டத்தை உயர்த்திவிட்டது. ஆனால் கசியும் ஆப்பை 6 ஜிபி போனில் போட்டால் மூன்று மணிக்கு விழுவது ஆறு மணிக்கு விழும், அவ்வளவே. 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால் ரேம் விலை வேறு ஏறிக் கிடக்கிறது. ஒரு வரித் திருத்தத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான போன்களை மாற்றுவது அரசுப் பணத்தில் செய்யும் ஊதாரித்தனம்.

செய்ய வேண்டியது டெண்டரில் இருக்கிறது. ரோடு போட்டால் கனம் அளக்கிறார்கள், கட்டடம் கட்டினால் கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்க்கிறார்கள். ஆப்புக்கு மட்டும் திரையில் ஓடிக் காட்டினால் பில் பாஸ். அரசுக் கட்டாயத்தில் ஓடும் எந்த ஆப்பாக இருந்தாலும், ஒப்படைக்கும் முன் 2 ஜிபி போனில் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டி நினைவக வரைபடத்தைத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போதும். கோடு படிக்கட்டாக ஏறினால் கடைசித் தவணை கிடையாது.

இரண்டாவது, விழும் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆப்பும் எத்தனை முறை விழுகிறது என்று கூகுள் பிளே கணக்கெடுக்கிறது. நாள்தோறும் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேல் ஆப் விழுவதைப் பார்த்தால், அல்லது ஏதாவது ஒரு போன் மாடலில் அது 8 சதவீதத்தைத் தாண்டினால், மோசமான ஆப் என்றே அது வகைப்படுத்துகிறது. இந்த எண் ஆப் வைத்திருப்பவரின் கணக்கில் மட்டும்தான் தெரியும். தனியார் விளையாட்டு ஆப்புக்கு அது வியாபார ரகசியமாக இருந்துவிட்டுப் போகட்டும். கூலியையும் சத்துமாவையும் தீர்மானிக்கும் ஆப்புக்கு என்ன ரகசியம்? மாதம் ஒரு முறை மாடல் வாரியாக அந்த எண்ணைத் துறையின் தளத்தில் போடட்டும். அப்போது எந்த மாடல் போன் வைத்திருப்பவர் சிரமப்படுகிறார் என்பது தெரியும். "உங்க போன்தான் சரியில்ல" என்ற பேச்சும் ஆதாரத்தோடு வரட்டும்.

சோதனைக்கு ஆள் எங்கே என்று தேட வேண்டியதும் இல்லை. தர்மபுரி செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இறுதி ஆண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கன்வாடிகளில் உண்மையில் புழங்கும் நாலைந்து மாடல் பழைய போன்களை வாங்கி அவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியிடும் முன் ஒரு முழு வேலை நாள் ஓட்டச் சொல்லலாம். லீக்கேனரிக்குக் காசு இல்லை. அதைச் சேர்த்த சோதனைப் பதிப்பை ஆப்பை எழுதிய நிறுவனம்தான் கொடுக்க வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். மாணவருக்குக் கொஞ்சம் உதவித்தொகை, பழைய போன்களுக்குச் சில பத்தாயிரம் ரூபாய், இவைதான் செலவு. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் அறிக்கைக்கு எத்தனை நாளில் நிறுவனம் திருத்தம் தர வேண்டும் என்ற தேதியும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அறிக்கை கல்லூரி அலமாரியில்தான் கிடக்கும்.